அழுகை நின்றால் திரும்பிப் பாருங்கள்

பொம்மையைப் பார்த்துச் சிரிக்காத வகுப்பை நான் நம்புவதில்லை. கைக்குழந்தைகளுக்கான முதலுதவியைச் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் நீங்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பொம்மையை மடியில் கிடத்தி, "இது உங்கள் பிள்ளை, தொண்டை அடைத்துக்கொண்டது" என்று சொன்னால் எந்தத் தாயும் சிரிக்கத்தான் செய்வாள். உள்ளே இருக்கும் பயத்தை மறைக்க அவளுக்குத் தெரிந்த வழி அது. நீங்கள் முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டு, "இது விளையாட்டில்லை" என்று அதட்டினால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். வராதவர்கள் வீட்டில்தான் பிள்ளைகள் இருப்பார்கள்.

நான் அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸியாக இருந்தவள். தாதி என்று பத்திரிகையில் எழுதுவார்கள். தோட்டத்தில் கிழவர் முதல் குழந்தை வரை எல்லோருக்கும் நான் மிஸ்ஸிதான். தொண்ணூறுகளின் நடுவில் சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தமிழ்ப் பள்ளியின் ஒரு வகுப்பறையை ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் வாங்கி இந்தப் பாடத்தை நடத்தினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு வாயும் சும்மா இருக்காது, ஞாயிற்றுக்கிழமையும் சும்மா இருக்காது.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் பொம்மைகளுக்கு நெஞ்சு அமுங்குகிறது, மூச்சு ஏறி இறங்குகிறது. கொடுத்துவைத்தவர்கள். எனக்கு வாய்த்தது பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய ரப்பர் பொம்மை. மஞ்சள் முடி, நீலக் கண். வயிற்றை அமுக்கினால் கீச்சென்று கத்தும். மூச்சு அடைத்துப்போன பிள்ளையாக நடிக்க வேண்டியது, தொட்டதும் கத்தினால் பாடம் என்னாவது? முதல் வகுப்பிலேயே அதன் முதுகிலிருந்த ஊதியைப் பிடுங்கி எறிந்தேன்.

அன்று பொம்மையை நீட்டி, "பிள்ளை எதையோ விழுங்கித் தொண்டையில் மாட்டிக்கொண்டது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். வந்திருந்தவர்கள் பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர், கைக்குழந்தையோடு சில தாய்மார்கள், பிறகு ஆயாக் கொட்டகையில் வேலை செய்கிற பெண்கள். தாய்மார்கள் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்கு எங்கள் ஊரில் ஆயாக் கொட்டகை என்று பெயர். அத்தனை பேருடைய கையும் ஒரே இடத்துக்குத்தான் போனது. பொம்மையின் உச்சந்தலைக்கு. கூடவே, "யாரோ நெனைக்கிறாங்க" என்ற பேச்சும் வந்தது.

நம் ஆட்களை இதற்காகத் திட்டாதீர்கள். புரை ஏறினால் தலையில் தட்டுவது நம் கைக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். இருமுகிற பிள்ளையின் தலையில் மெல்லத் தட்டினால் கெடுதல் ஒன்றுமில்லை. இருமலே அடைப்பை வெளியே தள்ளிவிடும், பெருமை தட்டிய கைக்குப் போகும். சத்தமே வராத பிள்ளையின் தலையிலும் அதே கை தட்டிக்கொண்டு நிற்பதுதான் ஆபத்து. அதனால் நான் கைக்குப் பாடம் நடத்துவதற்கு முன்னால் காதுக்குப் பாடம் நடத்தினேன். இருமுகிறதா, அழுகிறதா? விடுங்கள், பக்கத்திலேயே இருந்து பாருங்கள். வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. அப்போது ஒரு நொடியும் யோசிக்காதீர்கள். இதை ஒவ்வொரு வாரமும் சொன்னேன். கேட்டு அலுத்துப்போய் ஆயா ஒருத்தி, "மிஸ்ஸி ரெக்கார்டு போட்டுட்டாங்கடி" என்று பின்வரிசையில் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.

அந்த வகுப்பில் ஒரே ஓர் ஆண் இருந்தார். பெயர் ஆறுமுகம். தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். வாசற்கதவை ஒட்டி, எந்த நேரமும் ஓடிவிடத் தயாராக இருப்பவர் போல உட்கார்ந்திருப்பார். பெண்கள் அவருக்கு 'ஆயா அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் பாவம், காது சிவக்கச் சிவக்கச் சிரிப்பார்.

அவர் ஏன் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். பல வருஷம் காத்திருந்து அவருக்கும் மனைவி விஜயாவுக்கும் பிறந்த பெண் ஷாமினி. அப்போது பத்து மாதம் இருக்கும். விஜயாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பிற்பகல் ஷிப்ட். காலையில் ஆறுமுகம் லாரி ஓட்டும்போது பிள்ளையை விஜயா பார்த்துக்கொள்வாள். மதியம் தொழிற்சாலை பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போன பிறகு, அவள் திரும்பும் வரை பிள்ளை அப்பாவிடம்தான். இதுதான் விஜயாவின் அக்கா சரோஜாவுக்குப் பிடிக்கவில்லை.

சரோஜா பொல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். தாயில்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவர். வீட்டுக்காரருக்குச் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் நல்ல வேலை. பாச்சாங்கில் கல்வீடு. பிள்ளை இல்லை. ஷாமினியைத் தன்னிடம் விட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதில் அன்பு இருந்தது, நியாயமும் கொஞ்சம் இருந்தது. ஆம்பிளை கையில் பச்சைப் பிள்ளை எப்படிப் பிழைக்கும் என்பது அவருடைய கேள்வி. காது குத்து முடிந்ததும் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று பேச்சாகியிருந்தது. ஆறுமுகம் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மனைவியின் அக்கா முன்னால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. ஆனால் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு என்னிடம் சொன்னார்.

"புள்ளைய பாத்துக்கத் தெரியாதவன்னு சொல்றாங்க மிஸ்ஸி. தெரிஞ்சிக்கிட்டா விட்டுட்டுப் போவாங்க இல்ல?"

படிக்க வந்துவிட்டு ஏன் கதவோரம் உட்காருகிறீர்கள், முன்வரிசைக்கு வாருங்கள் என்று அதட்டினேன்.

முன்வரிசைக்கு வந்தார். ஆனால் பொம்மையை அடிக்க மாட்டேன் என்றார். முன்கையில் குப்புறக் கிடத்துவார், தாடையைத் தாங்கிப் பிடிப்பார், தலை நெஞ்சைவிடத் தாழ இருக்கும், எல்லாம் ஒழுங்கு. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்ட வேண்டிய நேரம் வந்ததும் கை பஞ்சாகிவிடும். பிள்ளைக்குத் தாலாட்டா பாடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"இது குலை ஏத்துற கை மிஸ்ஸி. ஸ்டியரிங்க ஒடிக்கிற கை. பட்டா புள்ள தாங்குமா?"

பலமுள்ள கைக்காரர்களுக்கெல்லாம் இந்தப் பயம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பயப்படாதீர்கள் என்று வாயால் சொல்லிப் பயனில்லை. அளவு தெரிந்தால்தான் பயம் போகும். நூடுல்ஸ் பிரட்டும் மீ கோரேங் கடையில் மிளகாய் சாஸ் போத்தல் அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கவிழ்த்துப் பிடித்து அடியில் தட்டுவேன் என்றார். எப்படித் தட்டுவீர்கள், காட்டுங்கள் என்றேன். காட்டினார். அந்தத் தட்டு போதும், உடைக்கிற அடியும் வேண்டாம், தடவுகிற அடியும் வேண்டாம் என்றேன். அதன் பிறகு மனிதர் போன கடையிலெல்லாம் சாஸ் போத்தலைக் கவிழ்த்து ஒத்திகை பார்த்திருக்கிறார். கடைக்காரர் ஒருவர் கிளினிக்குக்கு வந்தபோது, உங்களால் என் மேசையெல்லாம் சிவப்பு என்று என்னிடம் சண்டைக்கே வந்தார்.

காது குத்து தோட்டத்து மாரியம்மன் கோவிலில் நடந்தது. லிச்சி போல உரித்துத் தின்கிற மாத்தா கூச்சிங் பழம் மரம் மரமாகக் காய்க்கும் பருவம். என்னையும் அழைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் நாதஸ்வரக் கேசட் காதைப் பிளந்தது. விஜயாவின் ஒன்றுவிட்ட அண்ணன் தாய்மாமன் முறைக்கு மணையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தார். காது குத்தப் பத்தர் வந்திருந்தார். சரோஜா பட்டுச் சேலையில் பக்கத்திலேயே இருந்தார். காது குத்தும்போது அழுகிற பிள்ளையின் வாயில் இனிப்பாக எதையாவது வைப்பது நம் வழக்கம்தானே. அதற்காகத் தட்டில் மாத்தா கூச்சிங்கை உரித்து, கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் தயாராக வைத்திருந்தார். அவ்வளவு கவனம். கொட்டை இல்லாவிட்டாலும் அந்தச் சதை உருண்டையாக, வழுக்கலாக இருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தந்தைமார் வழக்கப்படி ஆறுமுகம் ஒதுங்கித் தூண் ஓரம் நின்றார்.

வலது காதில் ஊசி இறங்கித் தோடு ஏறியது. பிள்ளை வீரிட்டது. கூட்டம் "ஆச்சு ஆச்சு" என்றது. சரோஜா ஒரு பழத்தை எடுத்து, அழுகிற வாயில் வைத்தார். அழுகை நின்றது.

எல்லோரும் சிரித்தார்கள். பழத்தைக் கண்டதும் அழுகை எங்கே போனது பாரு என்று யாரோ சொன்னார்கள். பத்தர் இடது காதுக்கு ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானா? நான் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். இலைத் தட்டுகளைத் தாண்டி ஒருவர் குதிப்பதைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

ஆறுமுகம் பின்னால் என்னிடம் சொன்னது இது. "வாய் தொறந்திருந்துச்சு மிஸ்ஸி. அழுவுற மாதிரியேதான் இருந்துச்சு. சத்தம் மட்டும் இல்ல."

அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில், ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்த இடத்தில், ஒருவருக்கு மட்டும் சத்தம் இல்லாதது கேட்டிருக்கிறது. என் முப்பது வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அதுதான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குள் சரோஜாவும் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டார். வாரி எடுத்து, மார்போடு அணைத்து, உச்சந்தலையில் படபடவென்று தட்டத் தொடங்கினார். சுற்றியிருந்த பெண்களின் கைகளும் நீண்டன. ஒருத்தி தட்ட, இன்னொருத்தி ஊத, வேறொருத்தி தண்ணீர் கொண்டுவா என்று கத்த, பிள்ளை அன்பான கைகளுக்கு நடுவே மூச்சில்லாமல் இருந்தது. ஆறுமுகம் கையை நீட்டினார். சரோஜா விடவில்லை. தட்டினால் சரியாகிவிடும், விடுங்கள் தம்பி என்று இன்னும் இறுக்கினார்.

ஆறுமுகம் அவர் கண்ணைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"தட்டணும்னா ஒங்க தலையில தட்டிக்குங்கக்கா. புள்ளைய என்கிட்ட குடுங்க."

சரோஜாவின் பிடி தளர்ந்தது. திகைப்பில் அந்தக் கை உண்மையாகவே அவருடைய தலைக்குப் போய்த் தட்டத் தொடங்கியது. பின்னால் நின்ற இரண்டு பெண்களும் என்ன ஏது என்று தெரியாமல் தங்கள் தங்கள் தலையில் தட்டிக்கொண்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். அப்போது சிரிப்பு வரவில்லை.

நான் போய்ச் சேரும்போது ஆறுமுகம் தரையில் உட்கார்ந்து, பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டுத் தொடையில் தாங்கி, தட்ட ஆரம்பித்திருந்தார். என் கை தானாக நீண்டது. மிஸ்ஸி நான். அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவள். பிள்ளையை வாங்கிவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரசவ வார்டில் எனக்கு மேலே ஒரு பெரிய மிஸ்ஸி இருந்தார். சரியாக நடக்கிற வேலையில் கை வைக்காதே, நடக்க இடம் பண்ணிக் கொடு என்பார். ஒரு பிள்ளை கை மாறுகிற நேரத்தில் எவ்வளவு போகும் என்பது அவருக்குத் தெரியும். நான் ஆறுமுகத்தின் கையைப் பார்த்தேன். தலை தாழ இருந்தது, தாடை பிடிபட்டிருந்தது, தட்டு விழ வேண்டிய இடத்தில் விழ வேண்டிய அளவில் விழுந்தது. என் கையை இழுத்துக்கொண்டு திரும்பி நின்றேன். இரண்டு கைகளையும் விரித்துக் கூட்டத்தைப் பின்னால் தள்ளினேன். தாய்மாமனை ஆம்புலன்சுக்குப் போன் போடத் தோட்ட ஆபீசுக்கு விரட்டினேன். சரோஜா வீட்டுக்காரரைக் காரை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். கேசட்டை நிறுத்துங்கடா என்று நான் கத்தியது அம்மனுக்கே கேட்டிருக்கும்.

ஐந்து தட்டுக்கும் பழம் வரவில்லை. இங்கேதான் பலர் உடைந்துபோவார்கள். அவர் உடையவில்லை. பிள்ளையை மல்லாக்கத் திருப்பினார். நெஞ்சு எலும்பின் நடுவில், முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே, இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்தினார். வாயைப் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. விரலை உள்ளே விட்டுத் துழாவவில்லை. அதைச் செய்யாதீர்கள் என்று நான் ரெக்கார்டு மாதிரி சொன்னது வீண் போகவில்லை. மறுபடி குப்புறத் திருப்பித் தட்டினார். பழம் வழுக்கிக்கொண்டு வந்து சரோஜாவின் பட்டுச் சேலையில் விழுந்தது.

ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு ஷாமினி அழுதாள். அப்படி ஓர் அழுகை. காது குத்தியதற்கும், பழத்துக்கும், முதுகில் வாங்கிய அடிக்கும் சேர்த்து வைத்து அழுதாள். இந்த முறை சமாதானப்படுத்த யாரும் போகவில்லை. நன்றாக அழட்டும் என்று அத்தனை பேரும் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். தட்டோடு சிலையாக நின்றிருந்த விஜயா அப்போதுதான் ஓடி வந்தாள். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. மிஸ்ஸியே அழுகிறாள் என்று பத்தரும் அழுதார்.

அன்றிலிருந்து என் வகுப்பை மாற்றினேன். பொம்மையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களை உறவுக்காரர்களாக நடிக்கச் சொல்வேன். இழுங்கள், கத்துங்கள், தண்ணீர் ஊற்றப் பாருங்கள், தலையில் தட்டுங்கள் என்பேன். அந்தக் கூத்துக்கு நடுவே பிள்ளையை வாங்கிக் காப்பாற்றுகிறவருக்குத்தான் தேர்ச்சி. நீங்களும் அப்படியே செய்யுங்கள். அமைதியான அறையில் கற்றுக்கொடுக்கிறீர்கள், நம் வீடுகளில் எந்தப் பிள்ளையும் அமைதியான அறையில் மூச்சுத் திணறாது. பெரியவர் கையிலிருந்து பிள்ளையை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். மரியாதையோடு கேட்கலாம், ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்புறம் அந்தப் பெரிய மிஸ்ஸி சொன்னது. நீங்கள் கற்றுக்கொடுத்தவர் சரியாகச் செய்யும்போது அவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்காதீர்கள். அது எனக்கு எளிதாக இருக்கவில்லை, உங்களுக்கும் இருக்காது.

மூச்சு வந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடாது. தட்டியதில், அழுத்தியதில் உள்ளே ஏதும் ஆகியிருக்கிறதா என்று டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். ஆம்புலன்சுக்குக் காத்திராமல் சரோஜா வீட்டுக்காரர் காரிலேயே அலோர் காஜா மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் சோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்றார். ஒரு காதில் மட்டும் ஏன் தோடு என்று கேட்டார். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. வழி முழுவதும் பிள்ளையை மடியை விட்டு இறக்காமல் இருந்தார். பழத்தை வைத்தது தன் கை என்பது அவருக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

வெளியே வந்தோம். சாயங்கால வெயில். அன்றுதான் பிள்ளையைப் பாச்சாங்குக்குக் கூட்டிப்போவதாக இருந்த நாள். சரோஜா வீட்டுக்காரர் காரின் பின்கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். விஜயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறுமுகம் கோவிலில் பிள்ளையைக் கேட்டதற்கே மன்னிப்புக் கேட்பவர் போல ஒதுங்கி நின்றார்.

சரோஜா காரில் ஏறவில்லை. ஆறுமுகத்தின் முன்னால் போய் நின்று, பிள்ளையை அவர் கையில் வைத்தார். வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் பிள்ளையின் வாயைத் துடைத்தார்.

"வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க தம்பி. அவ வேலைக்குப் போவட்டும், நீங்க பாத்துக்குவீங்க." பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டார். "எங்க வீட்டுல இவளுக்குன்னு ஒரு கட்டில் வாங்கிப் போட்டு வச்சிருக்கேன். நாளைக்கு லாரி எடுத்துக்கிட்டு வந்து ஏத்திக்குங்க."

ஷாமினி ஆறுமுகத்தின் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"லாரி செம்பனை நாத்தம் அடிக்கும்கா," என்றார். "கழுவிட்டு வர்றேன்."